மணி அடித்தால் எடுப்பவர்

காஜா பேராங் சாலையில் எங்கள் அலுவலகத்துக்கு நேர் எதிரே ஒரு சீன மளிகைக் கடை இருந்தது. அதன் அஞ்சடி என்ற முன் நடைபாதையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், சுவரோடு பொருத்திய ஒரு பொதுத் தொலைபேசி. கைத்தொலைபேசி பரவத் தொடங்கிய காலம் அது. காசு போட்டுப் பேச வருகிறவர்கள் குறைந்திருந்தார்கள். ஆனால் எப்போதாவது அது தானாக அடிக்கும். பொதுத் தொலைபேசி அடித்தால் அது யாருடைய பொறுப்பும் இல்லை. கடைக்காரர் தலை நிமிர மாட்டார். அஞ்சடியில் மழைக்கு ஒதுங்கியவர்கள் அதை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பவும் மழையைப் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு மழை மத்தியானத்தில் அது அடித்தது. எங்கள் மாடி அறையில், அக்கா என்று நான் கூப்பிடும் எங்கள் முதலாளி, ஒரு துணிக்கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். குடை எடுக்காமல் படி இறங்கி ஓடினார். நாங்கள் ஜன்னலுக்குப் போனோம். சாலையைக் கடந்து, ரிசீவரை எடுத்து, ஏதோ கேட்டு, அதை அப்படியே தொங்கவிட்டுவிட்டுக் கடைக்குப் பின்னாலிருந்த சந்துக்குள் போனார். திரும்பி வந்தபோது அவருக்குப் பின்னால் பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒரு சீனக் கிழவர் அவசரமாக வந்தார். கிழவர் பேசத் தொடங்கியதும் அக்கா சாலையைக் கடந்து மேலே வந்து, தலைமுடியிலிருந்து நீர் சொட்ட, விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

துணிக்கடை முதலாளியால் பொறுக்க முடியவில்லை. "யாரு அது? தெரிஞ்சவங்களா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு இந்த மழையில ஓடுனீங்க?"

அக்கா அவரைப் புரியாமல் பார்த்தார். "மணி அடிச்சுச்சே."

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நாங்கள் கடைகளுக்கு இணையத்தில் அகப்பக்கம் செய்துகொடுக்கும் நிறுவனம். கீழே டயர் கடை, மேலே நாங்கள். காற்றுக் குழாயின் சீறலும் ரப்பர் வாடையும் படியேறி வந்து எங்களோடு வேலை செய்தன. மொத்தம் மூன்று பேர். அக்கா முதலாளி. பக்கத்துக் கம்போங் செட்டியைச் சேர்ந்த நடராஜன் வடிவமைப்பாளர். கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் இருந்துவிட்டு மலாக்காவுக்குத் திரும்பியிருந்த நான் வாசகம் எழுதினேன். நடராஜனின் பெயரைக் கேட்ட வாடிக்கையாளர்கள் அவனிடம் தமிழில் மளமளவென்று பேசுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டு முடித்துவிட்டு, "அங்கிள், தமிழ் தாக் தாவு" என்பான், தமிழ் தெரியாது என்று. மலாக்கா செட்டிகள் பரம்பரையாக மலாய் பேசுகிறவர்கள். கோயிலில் பொங்கல் வைப்பார்கள், திருநீறு பூசுவார்கள், வீட்டில் பேச்செல்லாம் அவர்களுடைய மலாய்தான். அவனோடு பேசியதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன், அக்காவை அவன் அழைக்கும் 'காக்' தவிர.

முதலில் எங்களிடம் ஒரே தொலைபேசி இணைப்பு இருந்தது. அன்றைய மோடம் கீச்சிட்டு இணையத்தில் ஏறினால் அந்த நேரம் முழுவதும் தொலைபேசி அடிக்காது. வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு 'எங்கேஜ்டு' ஒலிதான் கேட்கும். இது அக்காவுக்கு உடம்பில் முள் குத்தியது போல. நடராஜன் ஒரு படத்தை ஏற்றத் தொடங்கினால் அவர் அவன் பின்னால் வந்து நிற்பார்.

"முடிஞ்சிச்சா?"

"பாதி, காக்."

"இந்நேரம் யாராச்சும் கூப்பிட்டுருப்பாங்க."

"யாரும் கூப்பிடல, காக்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் லைன அடைச்சு வச்சிருக்கியே."

நான்காவது நாற்காலி வாங்குவதற்கு முன்னால் இரண்டாவது இணைப்பு வந்தது. வாடிக்கையாளர் வந்தால் நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, டயர் கடையிலிருந்து இரவல் வாங்கிய முக்காலியில் உட்கார்ந்து எழுதினேன்.

அக்கா இருபது வருடத்துக்கு மேல் ஒரு தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் தொலைபேசி ஆப்பரேட்டராக இருந்தவர். கம்பிகளைச் செருகி மேலாளரையும் தோட்டங்களையும் இணைத்துவிடும் வேலை. தானியங்கி இயந்திரம் வந்ததும் அவருக்கு ஒரு கைக்கடிகாரமும் விருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். இரவு வகுப்பில் கணினி படித்து, ஒரு வருடத்துக்குள் இந்த அறையைப் பிடித்தார். ஏன் இந்தத் தொழில் என்று ஒரு முறை கேட்டேன்.

"அதே வேலதான் தம்பி. ஒருத்தன் கூப்பிடுறான், இன்னொருத்தன்கிட்ட சேர்த்து விடணும். ஒயருதான் மாறிப்போச்சு."

நாடு சுதந்திரம் பெற்ற அதே வருடம் பிறந்தவர் அவர். "நானும் நாடும் ஒரே வயசுலா, ஆனா முட்டி வலி எனக்கு மட்டும்" என்பார். சுதந்திர மாதமான ஆகஸ்டு பிறந்தால் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் எல்லாருக்கும் அகப்பக்கத்தில் கொடி பறக்க வேண்டும். நடராஜன் அசையும் கொடி ஒன்றைச் செய்து வைத்திருந்தான். நகைக்கடை, மசாலைக் கடை, துணிக்கடை எல்லாவற்றிலும் அதே கொடி, அதே காற்றில், ஒரே தாளத்தில் பறக்கும். யாரும் குறை சொன்னதில்லை. தனக்குப் பக்கத்துக் கடைக்காரரைவிடப் பெரிய கொடி வேண்டும் என்று கேட்டவர்கள்தான் உண்டு.

அந்தத் துணிக்கடைதான் எங்கள் முதல் வேலை. அதில் ஒரு தவறு நடந்தது. அகப்பக்கத்தில் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் எழுதுவது எந்த மின்னஞ்சலுக்குப் போக வேண்டும் என்று உள்ளே குறிக்க வேண்டும். நடராஜன் சோதனைக்காக எங்கள் அலுவலக முகவரியைப் போட்டான். மாற்ற மறந்துவிட்டான். இதைக் கண்டுபிடித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மாற்றுவதற்குத் துணிக்கடை முதலாளியிடம் முகவரியே இல்லை. கடையில் கணினியும் இல்லை. உலகத்துக்கெல்லாம் தெரியும்படி அகப்பக்கம் வைத்திருந்த அந்த மனிதர் அதை ஒரே ஒரு முறை, எங்கள் திரையில், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தவர்.

வேறொருவர் என்றால் அவரை ஒரு கணினி வாங்கச் சொல்லியிருப்பார். அக்கா வந்த செய்திகளை அச்சிட்டார். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டார். மோட்டார் சைக்கிளில் ஏறி ஜாலான் பெண்டஹாராவுக்குப் போய், சேலைக் கட்டுகளுக்கு நடுவே நின்று முதலாளிக்கு வாசித்துக் காட்டினார். அவர் சொன்ன பதிலை எழுதிக்கொண்டு வந்து தட்டச்சு செய்து அனுப்பினார். அடுத்து வந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேரிடமும் கணினி இல்லை. தவறு வழக்கமானது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா ஒரு சுற்று போய்வருவார். "பெண்டஹாராவுக்கு இமெயில் போகுது" என்று டயர் கடைப் பையன்கள் கிண்டல் செய்வார்கள். அதற்கும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்.

பதில் சொல்லாமல் விட அவருக்குத் தெரியாது. இதில் எங்களுக்குச் சிரிப்பும் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. ஏதோ நாட்டின் மறைந்த மந்திரியுடைய மனைவி, பெட்டி பெட்டியாகச் செல்வத்தை வைத்துக்கொண்டு உதவி கேட்கும் மோசடி மின்னஞ்சல்கள் அப்போது நிறைய வரும். அக்கா அவற்றுக்கும் எழுதினார். 'அன்புடையீர், தங்கள் கணவர் மறைவுக்கு வருந்துகிறோம். எங்களுக்குத் தேவையில்லை. நன்றி.' விளைவாக அத்தகைய விதவைகள் மும்மடங்கு ஆனார்கள்.

"காக், இவங்க எல்லாம் திருடங்க" என்றான் நடராஜன்.

"திருடன்னு அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வேணாம்னு சொல்றதுல என்ன குறைஞ்சிடும்?"

"வேணாம்னு சொன்னா, இங்க ஒரு ஆள் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"இருக்கோம்ல?"

வசந்தியின் விவகாரம் வரும்வரை இந்தக் குணத்தை நாங்கள் இப்படித்தான், சிரித்துக்கொண்டு, பார்த்தோம்.

வசந்தி புக்கிட் ரம்பாயில் இருந்தாள். மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. சனி ஞாயிறுகளில் வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரை போட்ட சமையலறையில் பிறந்தநாளுக்கும் பூசைக்கும் சமைத்துக் கொடுப்பாள். அவளுடைய அகப்பக்கத்துக்கு வாசகம் எழுதுவதற்காக நான் அங்கே போயிருந்தேன். சீருடையைக்கூட மாற்றாமல், நீலக் கால்சட்டைமேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இடியாப்பம் பிழிந்தாள். அதை அடுப்பில் ஏற்றிவிட்டு விரலால் எண்ணிக்கொண்டு சொன்னாள்.

"நூறு பேருக்கு மேல வேணாம் அண்ணே. அத மட்டும் நல்லா தெரியற மாதிரி போடுங்க. அடுப்பு ரெண்டு, கை ரெண்டு. மெதுவா மெதுவா ஏத்திக்கறேன். ஒரு நாளு இந்த யூனிபாரத்த மடிச்சு சூப்பர்வைசர் கையில குடுத்துட்டு வரணும். அதுக்குத்தான் இந்த வெப்சைட்."

நன்றாகத் தெரிகிற மாதிரிதான் போட்டோம். ஆனால் அகப்பக்கத்தைப் படிக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் படிக்கிறார்கள்.

பெட்டியில் அவளுக்கு முதலில் வந்தவை சின்ன விசாரிப்புகள். அக்கா அவற்றை அச்சிட்டு, அவள் ஷிப்டு முடிந்து போகும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். பிறகு ஒரு காலை மூவாரிலிருந்து ஒரு செய்தி வந்தது. எழுதியவள் மணப்பெண். அம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ததாக எழுதியிருந்தாள். மலாக்காவில் மண்டபம் பார்த்திருக்கிறார்கள். சமையல் யார் என்று அன்று மாலைக்குள் சொல்லாவிட்டால் மண்டபம் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். நானூறு பேருக்குச் சாப்பாடு. 'பல இடங்களுக்கு எழுதிவிட்டோம். யாரும் பதில் போடவில்லை. நீங்களாவது பதில் போடுங்கள்.'

அந்தக் கடைசி இரண்டு வரிகள் இல்லாதிருந்தால் அக்கா என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது.

வசந்தியின் கைத்தொலைபேசி தொழிற்சாலை லாக்கரில் கிடந்தது. உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. அக்கா மோட்டாரில் தொழிற்சாலைக்கே போனார். வாசல் காவலாளி, வேலை நேரத்தில் யாரையும் வெளியே கூப்பிட முடியாது, வீட்டில் சாவு என்றால் மட்டும் கூப்பிடலாம் என்றான். அக்கா திரும்பி வந்துவிட்டார்.

"சாவுன்னு சொல்லியிருக்கலாமே, காக்" என்றான் நடராஜன்.

"யாரும் சாகலையே."

மத்தியானச் சுற்று அன்று இல்லை. அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. கீழே டயர் கடைக்காரர்கள் இரும்புக் கதவை இழுத்துவிட்டார்கள். அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துத் தட்டினார். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது அது அனுப்பப்பட்டிருந்தது. 'முடியும். நன்றி. வசந்தி கேட்டரிங்.'

நான் அதை மலாயில் சொல்லக் கேட்டு நடராஜன் மெதுவாகச் சொன்னான். "காக், நானூறு."

"தெரியும்."

"அவகிட்ட ரெண்டு அடுப்புதான்."

"அடுப்ப இரவல் வாங்கலாம். மண்டபத்த இரவல் வாங்க முடியுமா?"

அன்று ஷிப்டு முடிந்ததும் பேருந்து நிறுத்தத்தில் அக்கா வசந்தியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் ஒன்றும் பேசாமல் பேருந்து ஏறிப் போய்விட்டாளாம். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டுதான் மறுநாள் அக்கா அலுவலகத்துக்கு வந்தார்.

மறுநாள் காலையில் வசந்தி படியேறி வந்தாள். விடுப்பு எடுக்காத பெண் விடுப்பு எடுத்திருந்தாள். ஆனால் சீருடையில் இருந்தாள், வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பி வழியில் மனம் மாறியவள் போல. நான் நாற்காலியைக் கொடுத்தேன். உட்காரவில்லை.

"எடுத்துடுங்க" என்றாள்.

"எதம்மா?"

"வெப்சைட்ட. எனக்கு வேணாம்."

"ஏம்மா, நல்ல ஆர்டர். அடுப்புக்கு நான் ஏற்பாடு பண்றேன், கூட ஆள் வேணும்னா..."

"அக்கா, நானூறு பேரு. என்னால முடியாது. சாம்பார் பத்தலன்னா, சோறு வேகலன்னா, பந்தியில உக்காந்தவங்க யார திட்டுவாங்க? உங்களயா? வசந்திய. இனி மூவார்ல, மலாக்காவுல ஒருத்தர் எனக்கு ஆர்டர் குடுப்பாங்களா? நான் காலம்பூரா அந்த பேக்டரியிலயே கிடக்கணும்."

"அவங்க பாவம்மா. யாருமே பதில் சொல்லலன்னு எழுதியிருந்தாங்க."

"பதில் சொல்லுங்க, யாரு வேணாம்னா? முடியும்னு ஏன் சொன்னீங்க? முடியுமான்னு அவங்க கேட்டது என்னய. என் கைய, என் அடுப்ப. நீங்க யாருக்கா எனக்குப் பதிலா வாய் தொறக்கறதுக்கு?"

கீழே காற்றுக் குழாய் சீறி நின்றது. அக்காவுக்கு உடனே பதில் வராமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அவருடைய கை மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, திரும்ப வைத்து, மறுபடியும் எடுத்தது. ஆப்பரேட்டர் அறையில் ஒரு விதி இருந்தது என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். இணைத்துவிட்ட பிறகு நடுவில் பேசக்கூடாது. அது அப்போது அவருக்கு நினைவு வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னது இதுதான்.

"தப்புதான். இப்பவே போன் பண்ணி நான்தான் சொன்னேன்னு சொல்லிடறேன்."

"மண்டபம்?"

"அதையும் பேசுவோம்."

செய்தியின் கீழே மூவார் எண் இருந்தது. அக்கா எண்ணைத் தட்டிவிட்டு ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். வசந்திக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. மணப்பெண்ணின் அம்மா எடுத்தார். பின்னால் யாரோ தேங்காய் துருவும் சத்தம்.

அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நேற்றுப் பதில் போட்டது வசந்தி இல்லை, தான். வசந்தியால் நானூறு பேருக்குச் செய்ய முடியாது. அவளுடைய பக்கத்திலேயே நூறு என்றுதான் போட்டிருக்கிறது.

தேங்காய் சத்தம் நின்றது. "அப்ப நீங்க சமைக்கற ஆள் இல்லியா?"

"இல்லீங்கம்மா. நான் வெப்சைட் செய்யற ஆள்."

"வெப்சைட் செய்யற ஆள் எதுக்கும்மா சாம்பாருக்கு வாக்கு குடுக்கறீங்க?"

தமிழ் தெரியாத நடராஜனுக்கு 'வெப்சைட்'டும் 'சாம்பாரு'ம் புரிந்துவிட்டன. அவன் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா முகம் சிவக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா விடவில்லை.

"மண்டபத்துக்காரன்கிட்ட பேரு குடுத்தாச்சு. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. கலியாணத்துல கைய நனைக்காம அனுப்பச் சொல்றீங்களா?"

"தப்பு என்னுதும்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கு வேற ஆள் நான் தேடித் தர்றேன். இந்தப் பிள்ளைய மட்டும் ஒன்னும் சொல்லாதீங்க. அதுக்கு ஒன்னுமே தெரியாது."

மறுமுனையில் தேங்காய் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது. பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது, முன்பைவிடத் தாழ்ந்து. "அந்தப் பிள்ள பக்கத்துல இருக்கா?"

"இருக்கா."

"குடுங்க."

அக்கா ரிசீவரை நீட்டினார். வசந்தி பின்னால் நகர்ந்தாள். அவளுக்கு அவர்களிடம் பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அகப்பக்கத்தை எடுக்கச் சொல்லிவிட்டு அவள் அப்படியே படியிறங்கிப் போயிருக்கலாம். ரிசீவரைப் பார்த்தாள். வாங்கினாள்.

"வணக்கம்மா."

"உன்னால எத்தன பேருக்கு முடியும்? பொய் சொல்லாம சொல்லு."

"நூறு."

"நூத்தம்பது?"

"நூறுதாம்மா."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. "சரி. வெளியூர்ச் சொந்தம் முத நாளே வந்து மண்டபத்துலயே தங்குது. கலியாணத்தன்னிக்கிக் காலையில பசியாற நூறு பேருக்கு வேணும். நீ என்ன செய்வ?"

வசந்தியின் முதுகு நிமிர்ந்தது. "இட்டிலி, சாம்பார், ரெண்டு சட்டினி. இடியாப்பம், தேங்காப் பாலு. கேசரி."

"உப்புமா?"

"உப்புமா நூறு பேருக்குச் செஞ்சா ஆறிப் போயிரும்மா. வேணாம்."

"எங்க அத்தைக்கு உப்புமா இல்லன்னா..."

"உங்க அத்தைக்கு மட்டும் தனியா கிண்டித் தர்றேன். சூடா."

விலையும் நேரமும் பேசினார்கள். வசந்தி ஒவ்வொன்றுக்கும் 'இருங்கம்மா' என்று நிறுத்தி, விரலால் எண்ணி, பிறகு சொன்னாள். அக்கா இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் மூடிக்கொண்டார். மூன்றாம் முறை எழுந்து ஜன்னலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரிசீவரை வைத்த பிறகு வசந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். நடராஜன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"வெப்சைட்ட எடுக்க வேணாம்" என்றாள். "ஆனா இனிமே என் பேருல முடியும்னும் சொல்லக்கூடாது, முடியாதுன்னும் சொல்லக்கூடாது."

"சரிம்மா."

"வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

அன்று மாலைவரை அக்கா தொலைபேசியை விடவில்லை. ஜாலான் பெண்டஹாரா வாடிக்கையாளர்களிடம் கேட்டு, ஆயர் குரோவில் ஒருவர், தெங்கேராவில் ஒருவர் என்று சமையல்காரர்களைத் தேடினார். ஒவ்வொருவரிடமும் கடைசியில் ஒரே கேள்வி. "முடியும்னு நீங்க சொல்றீங்களா? உங்க வாயால சொல்லுங்க." ஆயர் குரோக்காரர் மூன்று முறை சொன்ன பிறகுதான் அக்கா நம்பினார். மண்டபத்துக்கும் அவரையே நேரடியாகப் பேசச் சொன்னார்.

அந்த வாரமே எல்லா அகப்பக்கங்களிலும் ஒரு மாற்றம் செய்தோம். பெட்டியில் யாராவது எழுதினால் உடனே தானாக ஒரு வரி போகும்படி நடராஜன் ஏற்பாடு செய்தான். வாசகத்தை எழுதச் சொல்லி அக்கா என்னிடம் கொடுத்தார். நான் எழுதிய நான்கையும் அடித்துவிட்டார். மரியாதை கூடுதல், அவசரம் கூடுதல், நன்றி இரண்டு தடவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. கடைசியில் அவரே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். 'உங்கள் செய்தி வந்து சேர்ந்தது. பதில் சொல்ல வேண்டியவரே உங்களிடம் பேசுவார்.' நாளிதழில் நான் கண்ட எந்த ஆசிரியரும் இதைவிடச் சுருக்கமாக வெட்டியிருக்க மாட்டார்.

ஆனாலும் அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் அது உண்மை இல்லை. மந்திரிகளின் விதவைகளுக்குத் தொடர்ந்து இரங்கல் போய்க்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கோப்பு தினமும் பெண்டஹாராவுக்குப் போனது. வித்தியாசம் ஒன்றுதான். அச்சிட்ட தாளைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் யோசிக்கும்போது அவர் வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கப் பழகினார். துணிக்கடை முதலாளி இதைக் கவனித்துவிட்டு, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம்.

கல்யாணத்தன்று காலையில் நாங்கள் மூவரும் மண்டபத்துக்குப் போனோம். இடியாப்பத் தட்டுகளை ஏற்ற வசந்திக்கு ஒரு காடி, வண்டிதான், தேவைப்பட்டது. நடராஜன் தன் அப்பாவின் காடியைக் கொண்டுவந்தான். இறக்கி முடித்ததும் அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாம்பார் வாளியை எடுத்தார். வசந்தி அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"உக்காருங்கக்கா. இன்னிக்கு நீங்க சாப்பிடற ஆளு."

உட்கார்ந்தோம். மூவார்ச் சொந்தக்காரர்கள் தூக்கம் கலையாத முகத்தோடு வந்து வரிசையாக அமர்ந்தார்கள். அத்தை யார் என்று எளிதில் கண்டுபிடிக்க முடிந்தது. அவர் இலையில் மட்டும் உப்புமா ஆவி பறந்தது. இடியாப்பம் இரண்டாவது சுற்று வந்தபோது முதல் சுற்றில் இருந்த பேச்சு நின்றுபோயிருந்தது. சாப்பாடு சரியாக இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அக்காவுக்கு அடுத்த இலையில் ஜாசினிலிருந்து வந்த ஒரு பெண்மணி இருந்தார். தேங்காய்ப் பாலை வழித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"இது யாரு சமையலு? எங்க வீட்டுல பேரனுக்குக் காது குத்து வருது. இவங்க வருவாங்களா?"

நடராஜன் என் முழங்காலை இடித்தான். நாங்கள் இருவரும் அக்காவைப் பார்த்தோம். அவர் வாயில் இடியாப்பம் இருந்தது. மென்றார். விழுங்கினார். தண்ணீர் குடித்தார். கேள்வி கேட்ட பெண்மணி பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். எச்சில் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

வசந்தி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அன்று அவள் சீருடையில் இல்லை, பழுப்பு நிறத்தில் ஒரு பருத்திச் சேலை. அக்கா அவளுக்கு ஓரடி பின்னால் வந்து தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

ஜாசின் பெண்மணி கேள்வியை இன்னொரு முறை கேட்டார்.

"எத்தன பேருக்கு?" என்றாள் வசந்தி.